கத்திக்கு முன்னால் ஒரு காந்தம்

1970களின் நடுப்பகுதிவரை அமெரிக்காவில் மார்பில் கட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போன பெண் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்ப்பதற்கும், அது புற்றுநோய் என்று தெரிந்தால் அதே மயக்கத்திலேயே மார்பகத்தை அகற்றுவதற்கும் சேர்த்து ஒரே சம்மதம். மயக்க மருந்து ஏறியதும் சர்ஜன் கட்டியில் ஒரு துண்டை வெட்டிப் பக்கத்து அறைக்கு அனுப்புவார். அங்கே அதை உறையவைத்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். சற்று நேரத்தில் பதில் வந்துவிடும். சாதாரணக் கட்டி என்றால் தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள். இல்லையென்றால் மார்பகம், அடியில் இருக்கும் மார்புத் தசைகள், அக்குளின் நிணநீர் முடிச்சுகள் எல்லாம் ஒரே மூச்சில் போய்விடும். மயக்கம் தெளிந்ததும் நெஞ்சைத் தடவிப் பார்த்துத்தான் தனக்கு நோய் இருந்ததா இல்லையா என்பதை அந்தப் பெண் தெரிந்துகொண்டாள்.

1974இல் மேரிலாந்து மாநிலத்துப் பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர் தன் மார்பில் கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தபோது இந்த ஏற்பாட்டுக்கு உடன்பட மறுத்தார். முதலில் சோதனை, பிறகு யோசிக்க அவகாசம், அதன்பின் சிகிச்சை என்று கேட்டார். அதற்குச் சம்மதிக்கும் சர்ஜனைத் தேடி அலைய வேண்டியிருந்தது. கடைசியில் பஃபலோ நகரத்து ராஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தில் தசைகளை விட்டுவைத்துச் செய்யும் அறுவைசிகிச்சையைப் பெற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கும் மார்பில் கட்டி என்று செய்தி வந்தது. இரண்டு கட்டமாகச் செய்யச் சொல்லுங்கள் என்று வெள்ளை மாளிகைக்கே தொலைபேசியில் பேசிப் பார்த்தார் குஷ்னர். முடிவு எடுத்தாயிற்று என்று பதில் கிடைத்தது. பெட்டி ஃபோர்டுக்குப் பழைய முறைப்படிதான் நடந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1979இல், அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையம் கூட்டிய நிபுணர் குழுவில் குஷ்னர் உட்கார்ந்திருந்தார். சோதனையும் சிகிச்சையும் தனித்தனியே நடக்க வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது.

இன்று மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைசிகிச்சை நாள் குறிப்பதற்குமுன் பல ஊர்களில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறார்கள். சோதனைக்கும் கத்திக்கும் நடுவில் ஓர் இடைவெளி பிறந்ததால்தான் அந்த ஸ்கேனுக்கு இடம் கிடைத்தது. அந்த இடைவெளிக்காகப் போராடியவர்களில் நோயாளிகளும் இருந்தார்கள் என்பதை ஸ்கேனின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

அவ்வளவு பெரிய வெட்டு எதற்காக நடந்தது? சர்ஜனுக்குப் பார்க்க வழியில்லை. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894இல் தன் 50 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். புற்றுநோய் ஒரு புள்ளியில் தொடங்கி, நாலாபுறமும் படிப்படியாகப் பரவுகிறது என்பது அவர் கொள்கை. எங்கே முடிகிறது என்று தெரியாதபோது, கைக்கு எட்டியவரை எல்லாவற்றையும் ஒரே பிண்டமாக எடுத்துவிடுவதே அவருக்கு நியாயமாகப் பட்டது. அதற்குமுன் மார்பில் நோய் திரும்பத் திரும்ப வந்து புண்ணாகிச் செத்த பெண்களை நினைத்தால், அவர் செய்ததில் இரக்கமும் இருந்தது. ஆனால் அவர் மாணவர்களும் மாணவர்களின் மாணவர்களும் கிட்டத்தட்ட 80 ஆண்டுகள் அதையே செய்தார்கள். தசை போய், விலா எலும்பு தோலுக்கடியில் தெரிய, கை வீங்கி, தோள் தூக்க முடியாமல் வாழ்ந்த பெண்களின் எண்ணிக்கையை யாரும் கணக்கிட்டதில்லை.

கத்திக்குமுன் பார்க்க வேண்டும் என்ற ஆசை பெர்லினில் முளைத்தது. ஆல்பர்ட் சாலமன் என்ற இளம் சர்ஜன், வெட்டியெடுக்கப்பட்ட 3,000 மார்பகங்களை எக்ஸ்ரே படம் எடுத்து, படத்தையும் திசுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு 1913இல் வெளியிட்டார். புற்றுக் கட்டிக்குள் பொடிப்பொடியாகக் கால்சியம் படிந்திருப்பதை முதலில் கண்டவர் அவர்தான். ஆனால் அதன் பொருள் அவருக்குப் பிடிபடவில்லை. உயிரோடிருக்கும் பெண்களிடம் இந்தப் படத்தைப் பயன்படுத்த அவருக்கு வாய்ப்பும் வரவில்லை. யூதர் என்பதால் நாஜிகள் அவரிடமிருந்து மருத்துவத் தொழிலைப் பறித்தார்கள், முகாமில் அடைத்தார்கள். நெதர்லாந்தில் ஒளிந்து உயிர் தப்பினார். அவருடைய ஒரே மகள் சார்லட் சாலமன், நூற்றுக்கணக்கான ஓவியங்களில் தன் வாழ்க்கையை வரைந்து வைத்துவிட்டு 1943இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டாள். இன்று உலகம் மகளின் பெயரை அறியும். மேமோகிராமுக்குப் போகும் பெண்களில் தகப்பனின் பெயரைக் கேள்விப்பட்டவர் அரிது.

அதன்பின் உருகுவேயில் ரவுல் லெபோர்ன் மார்பகத்தை அழுத்திப் படம் எடுத்தால் தெளிவு கூடும் என்று காட்டினார். டெக்சாஸின் ஹூஸ்டனில் ராபர்ட் ஈகன் 1960இல் யார் வேண்டுமானாலும் பின்பற்றக்கூடிய செய்முறையை வெளியிட்டார். மேமோகிராம் ஆஸ்பத்திரிக்குள் வந்தது.

அதே காலத்தில் சர்ஜன்களிடையே வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. லண்டனில் ஜெஃப்ரி கெய்ன்ஸ், பொருளாதார மேதை கெய்ன்ஸின் தம்பி, 1920களிலேயே மார்பகத்தை அகற்றாமல் ரேடியம் ஊசிகளைச் செருகி வைத்தியம் பார்த்தார். சக சர்ஜன்கள் அதை மதிக்கவில்லை. பிட்ஸ்பர்க்கின் பெர்னார்ட் ஃபிஷர்தான் இந்தச் சண்டையை மேடையிலிருந்து இறக்கிக் கணக்கேட்டுக்குக் கொண்டுவந்தார். புற்றுநோய் தொடக்கத்திலேயே ரத்தத்தில் உதிர்ந்து பரவக்கூடியது. அப்படியானால் மார்பைச் சுற்றி எவ்வளவு அகலமாக வெட்டினாலும் ஆயுள் கூடாது என்பது அவர் வாதம். 1971இல் தொடங்கிய சோதனையில் 1,665 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார். ஹால்ஸ்டெட் வெட்டு பெற்றவர்களுக்கும் அதைவிடச் சிறிய வெட்டு பெற்றவர்களுக்கும் ஆயுளில் வித்தியாசம் இல்லை. 1976இல் இன்னும் துணிந்து, மார்பகம் முழுவதையும் அகற்றுவதையும் கட்டியை மட்டும் எடுப்பதையும் ஒப்பிட்டார். மிலானில் உம்பர்த்தோ வெரோனேசி 1973 முதல் 701 பெண்களிடம் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். இருவரின் 20 ஆண்டு முடிவுகளும் 2002இல் ஒரே இதழில் வெளியாயின: உயிர் வாழ்வதில் வேறுபாடு எதுவும் இல்லை.

ஆனால் ஃபிஷரின் ஏட்டில் இன்னொரு எண்ணும் இருந்தது. கட்டியை மட்டும் எடுத்து, கதிர்வீச்சு கொடுக்காமல் விட்ட பெண்களில் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர்வீச்சும் கொடுத்தவர்களில் அது 14. கத்தி விட்டுவைத்த ஏதோ ஒன்று மார்பகத்துக்குள் இருந்தது. கதிர்வீச்சு அதில் பெரும்பகுதியைக் கொன்றது.

அது என்ன என்று கண்ணால் காட்டியவர்கள் நெதர்லாந்தின் நைமேகன் நகரத்து நோய்க்குறியியல் நிபுணர் ரோலண்ட் ஹாலந்தும் அவருடைய சகாக்களும். ஒரே ஒரு கட்டி என்று நினைத்து அகற்றப்பட்ட மார்பகங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றையும் மெல்லிய பலகைகளாக அறுத்தார்கள். ஒவ்வொரு பலகையையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். சந்தேகப்பட்ட இடங்களிலிருந்தெல்லாம் துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். முதன்மைக் கட்டியிலிருந்து ஒவ்வொரு சின்னப் புற்றுப் புள்ளியும் எத்தனை சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று அளந்தார்கள். பொறுமையின் எல்லையில் நடக்கும் வேலை இது. 1985இல் வெளியான கணக்கின்படி, 282 மார்பகங்களில் 105இல் மட்டுமே கட்டிக்கு வெளியே எதுவும் இல்லை. 121 மார்பகங்களில், அதாவது நூற்றுக்கு 43இல், கட்டியின் விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்கும் அப்பால் புற்று இருந்தது.

கதிர்வீச்சு இல்லாதபோது 39. இரண்டு சென்டிமீட்டருக்கு அப்பால் மறைந்திருந்த புள்ளிகள் 43. இந்த இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கி நிற்பது தற்செயல் அல்ல. எம்.ஆர்.ஐ.யின் கதையில் பிறகு நடந்த ஏமாற்றத்துக்கான காரணமும் அங்கேயே எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்தப் பாடத்தை யாரும் அப்போது அப்படிப் படிக்கவில்லை. மறைந்திருக்கும் புள்ளிகளை அறுவைக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டால் எல்லாவற்றையும் எடுத்துவிடலாமே என்றுதான் எல்லோரும் படித்தார்கள்.

கண்டுபிடிக்கும் கருவியான எம்.ஆர்.ஐ. அதற்குள் பிறந்திருந்தது. அணுக்கருக்கள் காந்தப்புலத்துக்குள் ரேடியோ அலைக்குப் பதில் சொல்லும் என்பதை ஃபெலிக்ஸ் பிளாக்கும் எட்வர்ட் பர்செலும் 1946இல் தனித்தனியே காட்டியிருந்தார்கள். நீண்ட காலம் அது வேதியியலாளரின் கருவியாகவே இருந்தது. 1971இல் நியூயார்க் மருத்துவர் ரேமண்ட் டமேடியன், எலிகளின் புற்றுத் திசுவில் இந்தப் பதில் ஓய நீண்ட நேரம் எடுக்கிறது என்று அறிவித்தார். எங்கே என்று சொல்ல அவரிடம் வழியில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பிட்ஸ்பர்க் அருகே ஓர் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பால் லாட்டர்பருக்கு யோசனை வந்தது: காந்தப்புலத்தைச் சீராக வைக்காமல் ஒரு பக்கம் கூட்டி ஒரு பக்கம் குறைத்தால், பதில் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். மறுநாளே நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தார். கட்டுரையை நேச்சர் இதழ் முதலில் திருப்பி அனுப்பியது. வற்புறுத்திய பிறகு 1973இல் வெளியிட்டது. நாட்டிங்ஹாமில் பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் இதன் கணக்கைச் செப்பனிட்டு வேகத்தைக் கூட்டினார். 2003இல் நோபல் பரிசு லாட்டர்பருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் போனது. டமேடியன் நாளிதழ்களில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்துத் தன் வருத்தத்தை ஊருக்குச் சொன்னார்.

இவர்களில் மான்ஸ்ஃபீல்டின் குழுதான் மார்பகத்துக்குச் சீக்கிரம் வந்தது. அவர்களும் நாட்டிங்ஹாமின் சர்ஜன்களும் சேர்ந்து, மார்பகப் புற்றின் காந்த ஒத்ததிர்வுப் படத்தை 1979இலேயே வெளியிட்டார்கள். ஆனால் படத்தில் புற்று எது, சாதாரண நார்த்திசு எது என்று பிரித்துச் சொல்வது கடினமாக இருந்தது. டமேடியன் எலியிடம் கண்ட வேறுபாடு மனித மார்பகத்தில் அவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் இந்தத் துறையைக் கைவிட நினைத்தவர்கள் உண்டு.

காப்பாற்றியது காடோலினியம் என்ற உலோகம். நேரடியாக ரத்தத்தில் கலந்தால் நஞ்சு. பெர்லினின் ஷேரிங் நிறுவனத்தில் ஹன்ஸ்-யோவாக்கிம் வைன்மனும் சகாக்களும் அதை ஒரு வேதிக் கூண்டுக்குள் பூட்டி, சிறுநீரகம் வழியே வெளியேறிவிடும்படி செய்தார்கள். இது ஊறிய திசு எம்.ஆர்.ஐ. படத்தில் வெளேரென்று பிரகாசிக்கும். புற்று வளர ரத்தம் வேண்டும், அதற்காக அது புதிய ரத்தக்குழாய்களை வரவழைத்துக்கொள்கிறது என்று பாஸ்டனின் ஜூடா ஃபோக்மன் 1971இல் சொல்லியிருந்தார். அவசரத்தில் உருவான அந்தக் குழாய்கள் கசியும். காடோலினியம் அங்கேதான் முதலில் போய்க் கசிகிறது.

இந்த மருந்தை மார்பகத்துக்குக் கொண்டுவந்தவர் மியூனிக்கின் ரேடியாலஜிஸ்ட் சில்வியா ஹேவாங். 1986இல் வெளியான அவருடைய கட்டுரைதான் இந்தத் துறையின் பிறப்புச் சான்றிதழ். வெர்னர் கைசர் 1989இல் அடுத்த படியை வைத்தார். ஒரு படம் போதாது. ஊசி போட்டதிலிருந்து தொடர்ந்து எடுத்துக்கொண்டே போனால், எவ்வளவு சீக்கிரம் ஒளிர்கிறது என்பதிலிருந்தே புற்றை அடையாளம் காணலாம் என்றார். அமெரிக்காவில் டல்லஸின் ஸ்டீவன் ஹார்ம்ஸ் கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி, நுண்ணிய விவரத்தைக் காட்டும் முறையைக் கொண்டுவந்தார். பான் நகரத்தில் கிறிஸ்டியானே கூல் 1999இல் வளைகோடுகளாக வரைந்து காட்டினார்: சில திசுக்கள் மெதுவாக ஏறிக்கொண்டே போகும், சில ஏறி நின்றுவிடும், சில சட்டென்று ஏறி உடனே வடிந்துவிடும். புற்றுக் கட்டிகளில் நூற்றுக்கு 57 இந்தக் கடைசி வகை. சாதாரணக் கட்டிகளில் ஐந்தாறுதான்.

ஸ்கேன் அறைக்குள் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிறகு வந்த சிக்கலில் ஒரு பகுதி அந்த மேசையிலேயே இருக்கிறது. மார்பக எம்.ஆர்.ஐ.க்குப் பெண் குப்புறப் படுக்கிறாள். மேசையில் இரண்டு குழிவுகள். அவற்றைச் சுற்றி ரேடியோ அலையைப் பிடிக்கும் கம்பிச் சுருள். மார்பகங்கள் அந்தக் குழிவுகளில் அழுத்தமில்லாமல் தொங்க வேண்டும். நெற்றி ஒரு மெத்தையில் பதிந்திருக்கும். கையில் ஊசி ஏற்கெனவே ஏறியிருக்கும். காதை அடைத்தாலும் இயந்திரத்தின் தடதடப்பு உடம்பில் கேட்கும். மருந்து போவதற்குமுன் ஒருமுறை படம். மருந்து போனதும் நிமிடத்துக்கு ஒன்று என்று வரிசையாகப் படங்கள். பிறகு கம்ப்யூட்டர் பின்னதிலிருந்து முன்னதைக் கழிக்கிறது. கழித்தபின் மிஞ்சுவது மருந்து குடித்த இடங்கள் மட்டுமே: கறுப்பு வெளியில் வெள்ளைப் புள்ளிகள். ஆறேழு நிமிடம் நோயாளி அசையக் கூடாது. அரை சென்டிமீட்டர் நகர்ந்தாலும் கழித்தல் கணக்கு தப்பாகி, இல்லாத கட்டி படத்தில் தெரியும். மாதவிடாய் வரும் வயதில் இருப்பவர்களுக்குச் சுழற்சியின் இரண்டாவது வாரத்தில் எடுப்பதே நல்லது. மற்ற நாட்களில் ஹார்மோன்களால் நல்ல திசுவும் ஒளிரும்.

அறுவை மேசையிலோ அதே பெண் மல்லாந்து, கையை விரித்துப் படுத்திருக்கிறாள். தொங்கிய மார்பகம் இப்போது பக்கவாட்டில் தட்டையாகச் சரிந்திருக்கிறது. படத்தில் காம்பிலிருந்து நாலு சென்டிமீட்டர் ஆழத்தில் தெரிந்த புள்ளி இப்போது எங்கே? வரைபடம் ஒரு தோரணையில், வெட்டு வேறொரு தோரணையில். ஸ்கேன் கண்டதை அல்ட்ராசவுண்டில் மறுபடி தேடி, ஊசியால் துணுக்கெடுத்து, சின்ன உலோகக் கிளிப் வைத்து அடையாளம் இடும் வசதி இல்லாத ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.ஐ. படம் சர்ஜனின் கையில் வெறும் கவலையாகவே வந்து சேர்ந்தது.

ஆனாலும் 2000களின் தொடக்க ஆண்டுகளில் உற்சாகம் பெருகியதில் ஆச்சரியம் இல்லை. பரம்பரையாக நோய் வாய்ப்பு அதிகமுள்ள பெண்களைக் கண்காணிப்பதில் எம்.ஆர்.ஐ. மேமோகிராமைவிட இரண்டு மடங்கு புற்றைக் கண்டுபிடித்தது என்று 2004இல் டச்சு ஆய்வு சொன்னது. அந்தப் பயன் உண்மையானது, இன்றுவரை நிற்கிறது. 2007இல் சியாட்டிலின் கான்ஸ்டன்ஸ் லேமன் குழு, ஒரு மார்பில் புற்று உறுதியான 969 பெண்களின் மறு மார்பகத்தை ஸ்கேன் செய்தது. மேமோகிராமிலும் கைச் சோதனையிலும் ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டிருந்தவர்களில் 30 பேருக்கு அங்கேயும் புற்று இருந்தது. இதைப் படித்த எந்த மருத்துவருக்கும், எந்த நோயாளிக்கும், இனி ஸ்கேன் இல்லாமல் கத்தி வைப்பது குருட்டுத்தனமாகவே தோன்றியிருக்கும். அமெரிக்காவில் முதியோர் காப்பீட்டில் இருந்த மார்பகப் புற்று நோயாளிகளில் அறுவைக்குமுன் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டவர்கள் 2000-2001இல் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2008-2009இல் நாலில் ஒருவர்.

2008இல் சிட்னியின் நெஹ்மத் ஹுசாமி, 19 ஆய்வுகளின் 2,610 பெண்களை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார். நூற்றுக்கு 16 பேரிடம் எம்.ஆர்.ஐ. கூடுதலாகப் புற்றைக் கண்டது. கட்டியை மட்டும் எடுக்கலாம் என்றிருந்த பெண்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு முடிவு மாறி, மார்பகமே அகற்றப்பட்டது. அவர்களில் சிலருக்கு, மொத்தத்தில் நூற்றுக்கு ஒருவருக்கு, ஸ்கேன் காட்டிய கூடுதல் புற்று உண்மையில் இருக்கவே இல்லை. நூற்றில் ஒன்று என்பது தாளில் சிறிய எண். அந்த ஒருத்திக்கு அது ஒரு மார்பகம்.

இருந்தது உண்மையே என்று வைத்துக்கொண்டாலும், அதைக் கண்டுபிடித்ததால் நன்மை விளைந்ததா என்ற கேள்விக்குப் பதில் குலுக்கல் சோதனையில்தான் கிடைக்கும். அதைச் செய்ய முன்வந்தது பிரிட்டன். ஹல் நகரத்தின் ரேடியாலஜிஸ்ட் லிண்ட்சி டர்ன்புல் தலைமையில் 45 மருத்துவமனைகள் சேர்ந்தன. 2001 டிசம்பரிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக 1,623 பெண்களைச் சேர்த்து, பாதிப் பேருக்கு அறுவைக்குமுன் எம்.ஆர்.ஐ., மீதிப் பேருக்கு வழக்கமான சோதனைகள் மட்டும் என்று பிரித்தார்கள். கட்டியை எடுத்தபின் விளிம்பில் புற்று மிஞ்சியிருப்பது தெரிந்து இரண்டாம் முறை மேசைக்குப் போவது நோயாளிக்குப் பெரிய அடி. ஸ்கேன் எடுத்தால் அது குறையும் என்பதே எல்லோரின் எதிர்பார்ப்பு. 2010இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. இரண்டாம் அறுவைக்குப் போனவர்கள் ஸ்கேன் எடுத்த குழுவில் நூற்றுக்கு 19, எடுக்காத குழுவில் நூற்றுக்கு 19.

மறு ஆண்டே நெதர்லாந்திலிருந்து வந்த முடிவு இன்னும் மோசமானது. கைக்குத் தட்டுப்படாத கட்டி உள்ள பெண்களிடம், ஸ்கேன் எடுத்த குழுவிலேயே திரும்ப வெட்ட வேண்டியவர்கள் அதிகம்: நூற்றுக்கு 34, எடுக்காதவர்களில் 12. படத்தை நம்பி சர்ஜன்கள் வெட்டை இறுக்கிப் பிடித்திருக்கலாம் என்பது அப்போது சொல்லப்பட்ட விளக்கங்களில் ஒன்று. 2014இல் ஸ்வீடன் எதிர்த்திசையில் பேசியது. 56 வயதுக்குக் குறைந்த 440 பெண்களில், ஸ்கேன் எடுத்தவர்களுக்கு இரண்டாம் அறுவை நூற்றுக்கு 5, எடுக்காதவர்களுக்கு 15. இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும், மேமோகிராம் அதற்குள் ஊடுருவிப் பார்க்கத் திணறும். அங்கே எம்.ஆர்.ஐ. உதவுவதில் அர்த்தம் இருக்கிறது.

அதே 2014இல் ஹுசாமி, ஒவ்வொரு நோயாளியின் தரவையும் தனித்தனியே திரட்டி, மூவாயிரத்துச் சொச்சம் பெண்களை எட்டு ஆண்டுகள்வரை தொடர்ந்த கணக்கை வெளியிட்டார். அதே மார்பகத்தில் நோய் திரும்புவதில், ஸ்கேன் எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் பொருட்படுத்தத் தக்க வேறுபாடு இல்லை. நைமேகனின் பலகைகளில் தெரிந்த அந்தப் புள்ளிகள் எங்கே போயின? அறுவைக்குப் பின் எல்லோருக்கும் கொடுத்த கதிர்வீச்சும், டமாக்சிஃபென் போன்ற மாத்திரைகளும், கீமோதெரபியும் அவற்றை ஏற்கெனவே தீர்த்துக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரியாமல் இருந்தபோதே வைத்தியம் நடந்துவிட்டது. எம்.ஆர்.ஐ. அவற்றைக் கண்ணுக்குக் காட்டியதும், கத்தியும் அங்கே போனது.

நியூயார்க்கின் சர்ஜன் மோனிகா மாரோ இதை வருடக்கணக்காக மாநாடுகளில் சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்ப்பு பலமாக இருந்தது. நோயைக் காணக்கூடிய கருவி கையில் இருக்க, காணாதே என்று சொல்வது மருத்துவர்களின் பயிற்சிக்கே விரோதம். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் மார்பக அகற்றலும் ஏறிக்கொண்டிருந்தது. மேயோ கிளினிக்கில் 2003இல் நூற்றுக்கு 31ஆக இருந்தது 2006இல் 43 ஆனது. பழியை ஸ்கேன்மீது மட்டும் போடுவது சரியல்ல, ஏனென்றால் அங்கே ஸ்கேன் எடுக்காத பெண்களிடமும் அகற்றல் கூடியிருந்தது. பயமும், மார்பகத்தை மறுபடி கட்டியெழுப்பும் சிகிச்சையின் வளர்ச்சியும், மரபணுச் சோதனையும் சேர்ந்து தள்ளிய அலை அது. 2016இல் அமெரிக்க மார்பக சர்ஜன்கள் சங்கமே, புதிதாக நோய் கண்ட ஒவ்வொருவருக்கும் வழக்கமாக எம்.ஆர்.ஐ. எழுதாதீர்கள் என்று தன் உறுப்பினர்களிடம் சொன்னது.

வழக்கமாக வேண்டாம் என்றால் யாருக்கு வேண்டும்? ஐரோப்பிய மார்பக நிபுணர்கள் சங்கம் 2010இலேயே ஒரு வரம்பு வகுத்திருந்தது: பரம்பரை ஆபத்து உள்ளவர்கள், மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் சொல்லும் அளவுகளுக்குள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் முரண்பாடு இருக்கும் 60 வயதுக்குக் குறைந்தவர்கள், மார்பகத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் கதிர்வீச்சு பெறப்போகிறவர்கள், லோபுலர் வகைப் புற்று உள்ளவர்கள். கடைசி வகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். செல்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்கும் ஒரு புரதத்தை இந்தப் புற்று இழந்துவிடுகிறது. அதனால் செல்கள் திரண்டு கட்டியாகாமல், எறும்புச் சாரைபோல ஒன்றன்பின் ஒன்றாக நல்ல திசுவுக்குள் நுழைந்து போகின்றன. விரலுக்குச் சற்றே தடிப்பு. மேமோகிராமில் பல சமயம் ஒன்றுமே இல்லை. இரண்டு சென்டிமீட்டர் என்று நினைத்துத் திறந்தால் ஆறு சென்டிமீட்டர் இருக்கும். இத்தகைய பெண்ணுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்காமல் இருப்பதே தவறு என்று சொல்லும் சர்ஜன்கள் நிறைய. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ சர்தனெல்லி 27 மருத்துவமனைகளிலிருந்து ஐயாயிரத்து எண்ணூறுக்கு மேற்பட்ட பெண்களின் அன்றாட நடைமுறையை அப்படியே பதிவுசெய்து 2022இல் வெளியிட்டார். இரண்டாம் அறுவை ஸ்கேன் எடுத்தவர்களிடம் 8.5 சதவீதம், எடுக்காதவர்களிடம் 11.7. மார்பகம் அகற்றப்பட்டவர்களோ ஸ்கேன் குழுவில் இரண்டு மடங்கு, 36க்கு 18. ஆனால் ஸ்கேன் எடுக்கப்பட்டவர்களிடம் நோய் தொடக்கத்திலேயே பெரிது. அவர்களில் பலருக்கு அகற்றுவது என்று ஸ்கேனுக்கு முன்பே முடிவாகியிருந்தது. கருவி முடிவை மாற்றுவதைவிட, மருத்துவர் யாரைக் கருவிக்கு அனுப்புகிறார் என்பதே எண்களை அதிகம் தீர்மானித்தது. அதோடு, கட்டியைச் சுற்றி எவ்வளவு நல்ல திசுவையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்ற விதியும் 2014இல் தளர்ந்திருந்தது. எடுத்த துண்டின் வெளிப்புறத்தில் மை பூசிப் பார்ப்பார்கள். மையைப் புற்று தொடாமல் இருந்தால் போதும் என்று அமெரிக்க சர்ஜன்களும் கதிர்வீச்சு நிபுணர்களும் சேர்ந்து அறிவித்தார்கள். தேவையற்ற இரண்டாம் அறுவைகளைக் குறைக்க வழிசெய்த அந்தச் சாதாரண விதிக்குக் காந்தம் தேவைப்படவில்லை.

இந்த வரலாற்றில் எம்.ஆர்.ஐ.க்கு நியாயமான இடம் கிடைத்தது ஆஸ்திரேலியாவில் என்று தோன்றுகிறது. மெல்பர்னின் சர்ஜன் புரூஸ் மான், கேள்வியைத் தலைகீழாகத் திருப்பினார். மறைந்த புள்ளிகளைக் கதிர்வீச்சுதான் தீர்க்கிறது என்றால், புள்ளியே இல்லாத பெண்ணுக்குக் கதிர்வீச்சு எதற்கு? 50 வயதைத் தாண்டிய, சிறிய, வீரியம் குறைந்த கட்டியுள்ள 443 பெண்களுக்கு 2011 முதல் அறுவைக்குமுன் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 48 பேரிடம் வேறு எந்தச் சோதனையும் காட்டாத புற்று இருந்தது. அவர்களுக்கு அதற்கேற்ற சிகிச்சை. ஸ்கேனும் சுத்தம், அறுவைக்குப் பின் திசுச் சோதனையும் சாதகம் என்றான 201 பேருக்கு மார்பகத்தில் கதிர்வீச்சே கொடுக்கவில்லை. வாரக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு நடக்கும் அலைச்சலும், தோல் எரிச்சலும், மார்பகம் சுருங்கி இறுகுவதும் அவர்களுக்கு மிச்சம். 2023 டிசம்பரில் லான்செட் இதழில் வெளியான முடிவில், ஐந்து ஆண்டுகளுக்குள் அதே மார்பகத்தில் நோய் திரும்பியவர்கள் நூற்றுக்கு ஒருவர். ஒருவருக்கு நாலரை ஆண்டில், இன்னொருவருக்கு ஏழரை ஆண்டில் திரும்பியிருந்தது. அந்த 201 பேரையும் இன்னும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்க வேண்டும். பெரிய சோதனைகளில் இதை மறுபடி செய்து பார்க்கவும் வேண்டும்.